வொகேஷனல் குரூப்பும் நாளைய வேலையும்

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்துட்டா நம்ம ஊர்ல எல்லார் வீட்லயும் ஒரே கேள்விதான்: "எந்த குரூப்?" பயாலஜியா, கம்ப்யூட்டர் சயின்ஸா, காமர்ஸா? கடைசியா, கொஞ்சம் தணிஞ்ச குரல்ல இன்னொரு பேரு வரும். வொகேஷனல். மார்க் வாங்காதவனுக்கு மிச்சமிருக்கிற குரூப்னு அதுக்கு அர்த்தமே ஆகிப்போச்சு. எங்க சொந்தத்துல ஒரு பையன் ஆசைப்பட்டு மெக்கானிக்கல் வொகேஷனல் கேட்டிருக்கான். "நல்ல மார்க் இருக்கே, உனக்கு எதுக்குப்பா அது?"ன்னு பள்ளிக்கூடத்துலயே திருப்பி அனுப்பிட்டாங்க.

தமிழ்நாட்டுல 1978-ல பிளஸ் டூ வந்தப்பவே இந்தப் பிரிவும் கூடவே வந்தாச்சு. ஆனா பேச்சு இப்பதான் சூடு பிடிச்சிருக்கு. 2025-க்குள்ள பாதிப் பேருக்காவது தொழிற்கல்வி அனுபவம் கிடைக்கணும்னு 2020 தேசியக் கல்விக் கொள்கை சொல்லுச்சு. 2022-ல தமிழக அரசு 'நான் முதல்வன்' ஆரம்பிச்சுது. எங்க பாத்தாலும் "எதிர்கால வேலைக்கு ஏத்த படிப்பு". ட்ரோன், ஏஐ, எலக்ட்ரிக் வண்டி...

நோக்கம் நல்லதுதான், குறை சொல்ல மாட்டேன். ஆனா வேலையோட பேரை எடுத்து பாடத்துக்கு ஒட்டிட்டா ஆச்சுன்னு நினைக்கிறாங்களே, அதுதான் உதைக்குது. பிளஸ் ஒன் பாடத்திட்டம் 2018-ல மாறுச்சு. அதுக்கு முந்தினது பத்து வருஷத்துக்கு மேல ஓடுச்சு. இன்னிக்கு புதுசா இருக்கிற வேலை, புத்தகம் அச்சாகி பையன் கைக்கு வர்றதுக்குள்ள பழசாயிடும். ஒரு காலத்துல டைப்ரைட்டிங், சுருக்கெழுத்து கத்துக்கிட்டா வேலை நிச்சயம்னு இருந்துச்சே? கம்ப்யூட்டர் வந்ததும் விரல் வேகத்தை மட்டும் நம்பினவங்க திண்டாடினாங்க. கடிதம் எழுத, ஃபைல் பராமரிக்க, கணக்கு பாக்கத் தெரிஞ்சவங்க சீக்கிரமே புது மெஷினுக்கு மாறிட்டாங்க.

ஜெர்மனியில எப்படி பண்றாங்கன்னு பாருங்க. அங்க தொழில் படிக்கிற பசங்க வாரத்துல மூணு நாலு நாள் கம்பெனியில வேலை பழகுவாங்க, அதுக்கு சம்பளமும் உண்டு. மிச்ச ஒண்ணு ரெண்டு நாள் பள்ளிக்கூடம். கார்ல எலக்ட்ரானிக்ஸ் நிறைய புகுந்ததும், கார் மெக்கானிக், கார் எலக்ட்ரீஷியன்னு தனித்தனியா இருந்த படிப்புகளை 2003-ல ஒண்ணாக்கிட்டாங்க. 2013-ல அதுக்குள்ளயே ஹை வோல்டேஜ் வண்டிகளுக்குன்னு ஒரு சிறப்புப் பிரிவு சேர்த்தாங்க. 'எலக்ட்ரிக் கார் கோர்ஸ்'னு புதுசா ஒரு போர்டு மாட்டலை. அடிப்படையை அகலப்படுத்தி, தேவையானதை மேல சேர்த்தாங்க. என்னைக் கேட்டா இதுதான் உண்மையான பொருத்தம்.

நம்ம பாடத்துலயும் அடிப்படை மின் பொறியியல், அடிப்படை ஆட்டோமொபைல் எல்லாம் இருக்கு. தூத்துக்குடியில 2025-ல எலக்ட்ரிக் கார் ஃபேக்டரியே திறந்தாச்சு. ஆனா பல பள்ளிகள்ல தொழிற்கல்வி வாத்தியார் ரிட்டயர் ஆனதும் அந்த இடத்தை நிரப்பாம, குரூப்பே மூடிப்போச்சு. வாத்தியார் இல்லாம எந்த எதிர்காலத்துக்கு ஏத்த பாடம் போட்டு என்ன பிரயோஜனம்?

அடுத்து, நீங்க எல்லாரும் கேக்கப்போற கேள்விக்கு வர்றேன். "இது குலக்கல்வி இல்லையா?" நியாயமான பயம். 1953-ல ராஜாஜி கொண்டுவந்த திட்டத்தை, 1954-ல காமராஜர் முதல்வரானதும் கைவிட்டாங்க. அந்தச் சண்டையை மறக்கக் கூடாது. இன்னிக்கும் வொகேஷனல் வகுப்புல பெரும்பாலும் யார் வீட்டுப் பிள்ளைங்க உக்காந்திருக்காங்கன்னு பாத்தாலே அந்தப் பயம் எதுக்குன்னு புரியும்.

அதுக்காக தொழிற்கல்வியே வேண்டாம்னு சொல்லிட முடியாது. கதவைத் திறந்து வைக்கணும், அவ்வளவுதான். அந்தக் கதவு கொஞ்சம் திறந்தும் இருக்கு. வொகேஷனல் படிச்சவங்களுக்கு இன்ஜினியரிங் கலந்தாய்வுல தனி ஒதுக்கீடு உண்டு. பாலிடெக்னிக்ல நேரா ரெண்டாம் வருஷம் சேரலாம். 1961 அப்ரென்டிஸ் சட்டத்துல 1986-ல திருத்தம் பண்ணி பிளஸ் டூ வொகேஷனல் முடிச்சவங்களையும் சேர்த்தாங்க. இதெல்லாம் எத்தனை பெத்தவங்களுக்குத் தெரியும்? அட்மிஷன் அன்னிக்கு யார் சொல்றாங்க?

எந்தத் திட்டம் வந்தாலும் நான் ஒரே ஒரு கேள்வி கேட்பேன். பதினெட்டு வயசுல அந்தப் பொண்ணோ பையனோ "எனக்கு இது வேண்டாம், வேற படிக்கிறேன்"னு சொன்னா வழி இருக்கா? இருந்தா அது கல்வி. இல்லேன்னா ஃபேக்டரிக்கு ஆள் பிடிக்கிற வேலை.

உங்கள்ல யாராவது வொகேஷனல் குரூப் படிச்சிருந்தா, அது எங்க கொண்டுபோய் விட்டுச்சுன்னு பின்னூட்டத்துல எழுதுங்க. திட்டுறவங்களும் வரிசையில வரலாம் :-)