ஓசி என்றொரு சொல்

2021 மே மாதம் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்று தமிழக அரசு அறிவித்தது முதல், 'ஓசி' என்ற சொல் படித்த நண்பர்கள் பலரின் நாவில் புரண்டுகொண்டிருக்கிறது. சென்னை ஜெமினி மேம்பாலம் 1973இல் திறக்கப்பட்டது. அதன்மீது ஏறிய காருக்கு எவரும் சீட்டுக் கிழித்ததில்லை. அதை ஓசி என்று சொல்ல ஒருவருக்கும் நா எழவில்லை. (அதுவும் அரசுப் பணம்தானே?) விடிகாலையில் நாலு வீட்டுப் பாத்திரம் துலக்கப் புறப்படும் பெண்ணின் கையிலுள்ள கட்டணமில்லாச் சீட்டு மட்டும் கண்ணை உறுத்துகிறது. அவள் கொடுக்கும் விலை வேறு: அந்த வண்டிக்காகக் கால் கடுக்க நிற்பது, நிறுத்தம் தாண்டிப் போய் நிற்கும் அதன் பின்னால் ஓடுவது, ஏறியதும் நடத்துநரின் முணுமுணுப்பு. எங்கள் வரிப்பணம் என்கிறார்கள். அவள் வாங்கும் சோப்புக்கும் எண்ணெய்க்கும் வரி இல்லையா என்ன?