அச்சம் அறத்தின் தாயா?

அறவுணர்வு அச்சத்திலிருந்தே பிறக்கின்றது என்போர் தொகை இன்றும் குறைந்தபாடில்லை. பிரம்பின்றேல் ஒழுக்கமும் இல்லை என வாதிடும் ஆசிரியரும், இக்காலப் பிள்ளைகளுக்குப் பயமில்லை என அங்கலாய்க்கும் பெற்றோரும் மட்டுமன்றிக் கற்றறிந்தார் சிலரும் இக்கூட்டத்தைச் சார்ந்தோரே. பின்னவர் தமக்குச் சான்றாக அழைத்து வருபவர் சிக்மண்ட் பிராய்ட்.

தந்தையின் தண்டனைக்கு அஞ்சும் குழந்தை, காலப்போக்கில் அவரது அதிகாரத்தைத் தன் உள்ளத்துள்ளேயே குடியமர்த்திக் கொள்கின்றது. 1923 இல் பிராய்ட் அதியகம் எனப் பெயரிட்டு விளக்கியது இதனையே. ஆயின் 1930 இல் வெளிவந்த நூலில் அவரே ஓர் உண்மையை ஒப்புக்கொண்டார். வளர்ப்பின் செல்வாக்கை அவர் மறுத்தாரல்லர். எனினும், மனச்சாட்சியின் கடுமை வளர்ப்பின் கடுமைக்கு ஒத்ததாயிருக்க வேண்டுவதில்லை என்றும், மென்மையாக வளர்க்கப்பட்ட பிள்ளையிடத்தும் மிகக் கடுமையான மனச்சாட்சி தோன்றலாம் என்றும் எழுதினார். பிரம்புக்காக வழக்காடுவோர் இப்பக்கத்தை மட்டும் ஏனோ புரட்டுவதில்லை. எமில் டேர்க்கைமும் அவர்களுக்குத் துணையாகார். ஒழுக்கத்தின் ஊற்றைச் சமூகத்தின் அதிகாரத்திற் கண்ட அவர், பாடசாலையில் உடல் தண்டனையை வன்மையாக எதிர்த்தவர்.

இவ்விவாதத்திற் பெரிதும் மனங்கொள்ளத்தக்கது பியாஜே 1932 இல் வெளியிட்ட ஆய்வாகும். சுவிற்சர்லாந்தின் ஜெனீவா, நியூசாற்றல் நகரங்களிற் போளையடிக்கும் சிறுவரிடம் அவர் விளையாட்டு விதிகள் பற்றி வினவினார். விதிகள் பெரியோரிடமிருந்து வந்தவை, மாற்றலாகாதவை என்றனர் சிறியோர். ஆட்டத்திலோ தத்தமக்குத் தோன்றியவாறே ஆடினர். பதினொரு, பன்னிரண்டு வயதினரோ, யாவரும் உடன்பட்டால் விதியை மாற்றலாம் என்றனர். ஆயின் உடன்பட்ட விதியை வழுவாது பேணியவர்களும் அவர்களே. மேலிருந்து வந்த விதி நாவில் மட்டும் நின்றது. ஒத்தாரிடையே பிறந்த விதி செயலில் நின்றது.

மற்றொரு வினாவும் கேட்கப்பட்டது. கதவைத் திறக்கையில் அறியாமல் 15 கோப்பைகளை உடைத்த பிள்ளை, ஜாமைக் களவாக எடுக்க முயன்று ஒரு கோப்பையை உடைத்த பிள்ளை ஆகிய இருவருள் யார் பொல்லாதவர்? சிறியோர் பலர் முன்னதையே சுட்டினர். வியப்பில்லை, வீட்டில் எழும் ஏச்சு இழப்பின் அளவுக்கேயன்றிக் கருத்தின் அளவுக்கு எழுவதன்றே! அச்சம் கற்பித்த பாடம் கோப்பைகளை எண்ணுவது மட்டுமே.

பியாஜே குறையற்றவர் எனக் கூறுவதற்கில்லை. சிறுமியரின் விளையாட்டுக்களை அவர் மேலோட்டமாகவே நோக்கினார். அவர்வழி வந்த கோல்பேர்க்கின் 1958 ஆம் ஆண்டு ஆய்விற் பங்குபற்றிய 72 பேரும் ஆண்பிள்ளைகள். இதனை 1982 இற் கண்டித்த கரோல் கில்லிகன், பரிவும் பொறுப்புமான உறவுகளின் வழியாகவும் அறம் சிந்திக்கப்படுகின்றது என எடுத்துக்காட்டினார். இக்கண்டனத்தைக் காட்டிப் பியாஜேயைத் தள்ளிவிட முனையும் அச்சவாதிகள், கில்லிகனின் கருத்து பிரம்பினின்று இன்னும் தொலைவில் நிற்பதைக் காண மறுக்கின்றனர்.