நடுக்கத்தோடு நினைவையும் சோதியுங்கள்

கை நடுங்கும், உடல் இறுகும், நடை குறுகும். ஆனால் அறிவு கலங்காது என்றுதான் பின்னாளில் தன் பெயரைப் பெற்ற இந்த நோயை 1817இல் விரிவாக எழுதிய லண்டன் வைத்தியர் ஜேம்ஸ் பார்க்கின்சன் கருதினார். அந்த எண்ணம் நெடுங்காலம் நிலைத்தது. அது சரியல்ல என்பதை நோயாளரை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த ஆய்வுகள் காட்டிவிட்டன. சிட்னியில் நடந்த ஆய்வில், நோய் தொடங்கி 20 ஆண்டுகளின் பின்னும் உயிரோடிருந்தவர்களில் 83 வீதமானோருக்கு மறதி நோய் வந்திருந்தது. கேம்பிரிட்ஜ் ஆய்வில் பத்தே ஆண்டுகளில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு வந்தது. இலங்கையின் வன்னியிலோ பார்க்கின்சன் நோயாளியின் நினைவு தடுமாறினால் ‘வயது போய்விட்டது, அறளை பெயர்ந்துவிட்டது’ என்று வீட்டில் சொல்கிறார்கள். இல்லாவிட்டால் 2009இல் போரின் முடிவில் பட்ட துயரத்தின் மேல் பழியைப் போடுகிறார்கள். துயரம் உண்மைதான். ஆனால் நோயின் வேலையைத் துயரத்தின் கணக்கில் எழுதிவிட்டால் செய்யக்கூடிய உதவியும் செய்யப்படாமல் போகும்.

இது மூளையின் நோய் என்பதைக் கண்ணால் காணச் செய்தவற்றுள் மூளையின் இரத்த ஓட்டத்தைப் படமெடுக்கும் ஸ்கான்கள் முக்கியமானவை. ஒரு முறையில் தெக்னீசியம் என்ற கதிரியக்கப் பொருளைக் கலந்த மருந்தை நாளத்தில் ஏற்றி, அது மூளையில் எங்கே எவ்வளவு சேர்கிறது என்று பார்ப்பார்கள். இன்னொரு முறைக்கு ஊசியும் கதிரியக்கமும் வேண்டாம், எம்.ஆர்.ஐ. இயந்திரமே கழுத்து வழியாக மேலேறும் இரத்தத்தின் நீரைக் காந்தத்தால் அடையாளமிட்டுப் பின்தொடர்கிறது. நினைவு குன்றிய பார்க்கின்சன் நோயாளரின் படங்களில் மூளையின் பின்புறப் பகுதிகளில், அதாவது கண் கண்டதை வடிவம், இடம், தூரம் என்று பிரித்தறியும் பகுதிகளில், இரத்த ஓட்டம் குறைந்திருப்பது திரும்பத் திரும்பக் காணப்பட்டுள்ளது. இதைக் குழாய் அடைப்பு என்று எண்ணக்கூடாது. விதைக்காத வயலுக்கு இரணைமடுக் குளத்து வாய்க்காலைத் திறந்துவிடுவதில்லை அல்லவா, அப்படித்தான் இதுவும். அங்குள்ள கலங்களின் வேலை குறைவதால் அவை கேட்கும் இரத்தமும் பெரும்பாலும் குறைகிறது.

இந்த ஸ்கான் வன்னிக்கு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை என்பதே என் வாதம். தெக்னீசியம் 6 மணி நேரத்தில் பாதியாகத் தேய்ந்துவிடும். அதைக் கையாளும் அணுமருத்துவப் பிரிவுகள் கொழும்பு, பேராதனை போன்ற இடங்களில் இருக்கின்றன. ஆனால் படம் காட்டும் சேதி பென்சிலுக்கும் எட்டுகிறது. கேம்பிரிட்ஜ் ஆய்வில் பின்னாளில் மறதி நோய் வரக்கூடியவர்களை முன்கூட்டியே காட்டிக்கொடுத்தவற்றுள் இரண்டு மிக எளியவை. ஒன்றையொன்று வெட்டும் இரண்டு ஐங்கோணங்களைப் பார்த்து வரைய முடியாமை ஒன்று; 90 செக்கனில் இருபது விலங்குகளின் பெயரைக்கூடச் சொல்ல முடியாமை மற்றது. ஐங்கோணம் வரையத் தடுமாறுபவர், படத்தில் இரத்தம் குறைந்து தெரியும் அதே பகுதியின் வேலையில்தான் தடுமாறுகிறார். பயிற்சி பெற்ற ஒரு தாதியால் இரண்டையும் சில நிமிடங்களில் பார்த்து, கிளினிக் கொப்பியில் எழுதிவிட முடியும்.

படத்தில் தெரியும் இன்னொன்று வன்னிக்கு மிக நெருக்கமானது. இல்லாத ஆட்களும் சிறுபிள்ளைகளும் மிருகங்களும் கண்முன் தோன்றும் நோயாளரிடமும் பார்வைக்குரிய பின்பகுதிகளின் இரத்த ஓட்டம் குறைந்திருப்பது கண்டறியப்பட்டுள்ளது. காணாமலாக்கப்பட்டோரைத் தேடும் குடும்பங்கள் இருக்கும் மண்ணில், முற்றத்தில் யாரோ நிற்கிறார்கள் என்று முதியவர் சொன்னால் அது என்னவெல்லாமாக விளங்கிக்கொள்ளப்படும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆவியென்று எண்ணிச் செய்யும் வழிபாடு மனத்துக்கு ஆறுதல் தரலாம்; அதை நான் மறுக்கவில்லை. ஆபத்து, பார்க்கின்சன் இருப்பதைக் கவனியாமல் ஹலோபெரிடோல் போன்ற மருந்தைக் கொடுத்துவிடுவதில் இருக்கிறது. அது உடலை இன்னும் இறுக்கிப் படுக்கையில் தள்ளிவிடும். நடுக்கத்துக்குத் தரப்படும் பென்செக்சோலும் முதியவரின் நினைவைக் கலக்கக்கூடியது. இரத்த அழுத்தத்தையும் பார்க்க வேண்டும். இந்நோயில் எழுந்து நின்றதும் அழுத்தம் சரிவது வழக்கம். மூன்று நிமிடங்களுக்குள் மேல் அளவு 20 புள்ளி இறங்கினால் அது கவனிக்க வேண்டியது. அப்படிச் சரிபவர்களிடம் அறிவுத்திறன் குறைவதும் கூடுதலாகக் காணப்படுகிறது. எது எதற்குக் காரணம் என்பது இன்னும் தீரவில்லை. ஆனாலும் படுக்கவைத்து ஒரு முறை, நிற்கவைத்து ஒரு முறை அளக்கப் புது இயந்திரம் எதுவும் வேண்டாம். சிலருக்குப் பழைய பிறஷர் குளிசையைக் குறைப்பதே விழுவதைத் தடுக்கும்.

‘கொழும்பாருக்கு ஸ்கான், வன்னியாருக்குப் பென்சிலா?’ என்ற கோபம் எழலாம். கோபம் நியாயமானது. ஆனால் உலக இயக்கக் கோளாறுச் சங்கம் 2007இல் வகுத்த நியதிகளும் பார்க்கின்சன் மறதி நோயை விசாரணையாலும் எளிய சோதனைகளாலும்தான் தீர்மானிக்கின்றன. இரத்த ஓட்டப் படம் நோயாளர் குழுக்களை ஒப்பிடும்போது தெளிவாகப் பேசும். தனி ஒருவரைப் பற்றிக் கேட்டால் தடுமாறும். மனச்சோர்விலும் மூளையின் சில பகுதிகளில் ஓட்டம் குறையும். அந்தக் கோபத்தைவிட வலுவான மறுப்பு, எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் பென்சிலைக் கொடுத்து என்ன பயன் என்பது. 1977 வன்செயலின் பின் மலையகத்திலிருந்து வந்து இங்கே குடியேறிய முதியவர்கள் பலருக்குப் பள்ளிக்கூடம் கிட்டியதேயில்லை. அவர்கள் ஐங்கோணம் வரையத் தவறுவதை நோயென்று சொல்வது அநியாயம். அவரவரை அவரவருடைய பழைய நிலையோடுதான் ஒப்பிட வேண்டும்: கடையில் மிச்சக் காசை எண்ணி வாங்குகிறாரா, எந்தக் குளிசை எந்த நேரத்துக்கு என்று சொல்கிறாரா, தெரிந்த பாதையில் திரும்பி வருகிறாரா? பதிலை மனைவியிடமோ மகளிடமோ கேட்கலாம்.

மாற்ற முடியாத நோயை அறிந்து என்ன பயன் என்பாரும் உண்டு. 2004இல் வெளியான பெரிய ஆய்வில் ரிவாஸ்டிக்மின் மருந்து இவர்களுக்கு மிதமான பலன் தந்தது. பலன் சிறிதென்றாலும், தவறான மருந்தை நிறுத்துவதும் காணி, வங்கிக் கணக்கு பற்றி நோயாளி தெளிவாக இருக்கும்போதே அவருடைய விருப்பத்தைக் கேட்பதும் சிறியவை அல்ல. விழுந்தபின் திடீரென மோசமாகிறவருக்கு மூளைக்கு வெளியே இரத்தம் கட்டியிருக்கிறதா என்று பார்க்க ஸ்கான் உடனே வேண்டும்; அவரை அனுப்பத் தாமதிக்கக் கூடாது.

2012 குடிசன மதிப்பீட்டில் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களில் மொத்தமாக ஏறத்தாழ 3,78,000 பேர் இருந்தார்கள். இவர்களுக்கான பொது வைத்தியசாலைகளில் பார்க்கின்சன் நோயாளர் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கொரு முறையாவது நினைவுச் சோதனையும் நின்றநிலை அழுத்தமும் பதியப்பட வேண்டும். மருந்துப் பட்டியல் மீளப் பார்க்கப்பட வேண்டும். ரிவாஸ்டிக்மின் தடையின்றிக் கிடைக்க வழி செய்ய வேண்டும். யாழ்ப்பாண மருத்துவ பீடம் இந்நோயாளரைப் பின்தொடரும் ஓர் ஆய்வைத் தொடங்குமானால், எம்.ஆர்.ஐ. வழியான இரத்த ஓட்டப் படங்களையும் அதில் சேர்க்கட்டும். வீட்டில் பார்க்கின்சன் நோயாளி இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள்: அடுத்த கிளினிக் நாளில் கை நடுக்கத்தோடு, அவர் மறப்பதையும் இல்லாததைக் காண்பதையும் வைத்தியர் கேட்காவிட்டாலும் நீங்களாகவே சொல்லுங்கள்.