‘ட்ரீம்டு’ எழுதினால் ஏன் மதிப்பெண் குறைய வேண்டும்?

‘ட்ரீம்’ என்ற ஆங்கில வினைக்கு இறந்தகாலம் ‘ட்ரெம்ட்’ என்றும் வரும், ‘ட்ரீம்டு’ என்றும் வரும். அகராதிகள் இரண்டையும் ஏற்கின்றன. ஆனால் விடைக்குறிப்பில் ஒன்றுதான் அச்சாகியிருக்கும்; மற்றதை எழுதிய எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு அரை மதிப்பெண் போய்விடும். அரசுப் பள்ளியில் ஆங்கிலம் நடத்துகிறவள் நான். இந்தக் கழித்தல் அநியாயம்.

இந்த வடிவங்கள் என்றைக்கும் அசையாமல் நின்றவை அல்ல. ‘ஹெல்ப்’ வினைக்கு ஷேக்ஸ்பியர் காலத்தில் ‘ஹோல்ப்’ என்ற இறந்தகாலமும் இருந்தது. இன்றைய ‘டக்’ இருக்கும் இடத்தில் 1611இல் வந்த ஆங்கில பைபிள் ‘டிக்டு’ என்கிறது. பழைய ஆங்கிலத்தின் 177 ஒழுங்கற்ற வினைகளைப் பின்தொடர்ந்த ஹார்வர்டு ஆய்வாளர்கள், அவற்றில் 98 மட்டுமே இன்றும் அப்படியே இருப்பதாக 2007இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். அதிகம் புழங்கும் வினை பழைய வடிவத்தைக் காப்பாற்றிக்கொள்கிறது. அரிதாக வருவது பொதுவிதிக்குள் போய்விடுகிறது.

‘டீச்டு’ என்று எழுதும் பிள்ளையையும் நான் கடிந்துகொள்வதில்லை. ‘டாட்’ என்று திருத்துகிறேன், அவ்வளவுதான். 1958இல் ஜீன் பெர்கோ என்ற அமெரிக்க ஆய்வாளர், ‘ரிக்’ என்றொரு இல்லாத வினையைப் புனைந்து சின்னக் குழந்தைகளிடம் கொடுத்தார். நேற்று அந்த ஆள் என்ன செய்தான் என்று கேட்டபோது பெரும்பாலான குழந்தைகள் ‘ரிக்டு’ என்றார்கள். கேட்டறியாத சொல்லுக்கும் விதியைப் பொருத்தத் தெரிந்திருந்தது. என் வகுப்புப் பிள்ளையும் அதையேதான் செய்கிறது.

பொருள் மாறும் இடத்தில் மட்டும் நான் விடமாட்டேன். 1931இல் லாகூர் சிறையில் பகத்சிங்கைத் தூக்கிலிட்டதைச் சொல்ல ‘ஹேங்டு’ வேண்டும். அவர் படத்தைச் சுவரில் மாட்டியதைச் சொல்ல ‘ஹங்’. இதைவிடச் சிக்கல் ‘லை’, ‘லே’ இரண்டும். ‘லை’யின் இறந்தகாலமே ‘லே’. அந்த ‘லே’ தனி வினையாக வரும்போது அதன் இறந்தகாலம் ‘லெய்டு’. பட்டியலை ஒப்பிக்கச் சொன்னால் ஒருவருக்கும் நிற்பதில்லை. கிடந்தான், கிடத்தினான் என்று பலகையில் எழுதி, முன்னதற்கு நேரே ‘லே’யும் பின்னதற்கு நேரே ‘லெய்டு’ம் எழுதினால் பிடித்துக்கொள்கிறார்கள்.

பாடநூலின் வினை அட்டவணையில் இரு வடிவங்களையும் சேர்த்தே அச்சிட வேண்டும். விடைக்குறிப்பில் ‘அல்லது’ போட்டு இரண்டாவதையும் எழுத வேண்டும். வருகிற தேர்விலேயே இதைத் தொடங்கிவிடலாம்.