நிரல் திறந்தால் போதுமா?

பலர் கூடிச் செய்யும் பொதுவினை எதுவாயினும், அதற்கு உழைப்பும் நல்லெண்ணமும் மட்டும் போதா. கருத்துரைக்கும் முறையும் முடிவெடுக்கும் முறையும் வேண்டும். ஆயிரம் கைகள் வடம் பிடித்தாலும், நிறுத்தச் சொல்வார் யார், திருப்பச் சொல்வார் யார் என்பது தெரியாவிடின் தேர் நிலைக்கு வாராது. இவ்வுண்மையை இற்றை நாளில் தெளிவுறக் காட்டுவது, திறந்த நிரல் மென்பொருள் ஆக்குவோரின் வரலாறு ஆகும்.

விலைக்கு விற்கும் மென்பொருளின் நிரல் பெரும்பாலும் பூட்டிய பெட்டி. திறந்த நிரலையோ எவரும் படிக்கலாம், திருத்தலாம், படியெடுத்துப் பிறர்க்கும் வழங்கலாம். நாடு, மொழி கடந்து, ஊதியம் பெற்றும் பெறாமலும் பல்லாயிரவர் அதற்கு உழைக்கின்றனர். நிரல் திறந்திருப்பதால் தம்மிடை ஒளிவும் இல்லை, ஒடுக்கும் இல்லை என்று அவருட் பலர் எண்ணி மகிழ்கின்றனர். அவ்வெண்ணம் அரை உண்மையே. நிரலைக் காணும் உரிமை வேறு. அந்நிரலில் எது சேரும், எது சேராது என முடிவு செய்வாரைத் தட்டிக் கேட்கும் உரிமை வேறு.

பைத்தான் என்னும் கணிப்பொறி மொழியை எடுத்துக்கொள்க. நெதர்லாந்து நாட்டவரான கைடோ வான் ராசம் 1989ஆம் ஆண்டின் இறுதியில் அதனை ஆக்கத் தொடங்கி, 1991இல் வெளியிட்டார். அவரை 'வாழ்நாள் முழுமைக்கும் அருளுள்ளம் கொண்ட தனியாட்சியர்' என்று தோழர்கள் பாதி நகையாக அழைத்தனர். பாதி நகை, முழு ஆட்சியாயிற்று. மாற்றம் வேண்டுவார் அதனை எழுத்தில் முன்மொழிதல் வேண்டும். அதன் கரணியத்தையும், தள்ளப்பட்ட மாற்று வழிகளையும் பதிதல் வேண்டும் என்னும் நன்முறை 2000ஆம் ஆண்டிலேயே அங்கு ஏற்பட்டது. ஆயினும், இறுதிச் சொல் ஒருவருடையதாகவே இருந்தது.

2018இல் 572 என்னும் எண்ணுடைய முன்மொழிவு வந்தது. கணக்கின் நடுவிலேயே ஒரு பெயருக்கு மதிப்பிடுவதற்கு ஒரு குறி, அவ்வளவே. அச்சிறு குறிக்காக நூற்றுக்கணக்கான மடல்கள் பறந்தன. சொன்னதையே சொல்லுதலும், கருத்தை விட்டு ஆளைச் சாடுதலும் பெருகின. முன்மொழிவை ஏற்ற வான் ராசம், அவ்வாண்டு சூலை 12ஆம் நாள் தம் பொறுப்பைத் துறந்தார். ஒரு முன்மொழிவுக்காக இத்துணைக் கடுமையாகப் போராடவும், தம் முடிவைப் பலர் வெறுக்கக் காணவும் இனித் தாம் விரும்பவில்லை என்று எழுதினார். தமக்குப் பின் இன்னார் என்று எவரையும் அவர் அமர்த்தவில்லை. உலகெங்கும் பயன்படும் ஒரு மொழி, இறுதி விடை சொல்வார் இன்றி நின்றது.

குற்றம் யாருடையது? தலைவருடையதன்று, எதிர்த்தவருடையதும் முழுமையாக அன்று. சுமை முழுவதையும் ஒரு தோளில் ஏற்றிவிட்டு, அத்தோள் சாயும் நாளை எண்ணிப் பாராத முறையின் குற்றமே அது.

அதன்பின் அவர்கள் செய்தது போற்றத்தக்கது. எத்தகைய ஆட்சி வேண்டும் என்பதற்கே ஏழு முன்மொழிவுகளை எழுதினர். 2018 திசம்பரில் ஒப்போலையிட்டு ஒன்றைத் தேர்ந்தனர். அதன்படி 2019 தொடக்கத்தில் ஐவர் குழு அமைந்தது. பொறுப்பைத் துறந்தவரே அவ்வைவருள் ஒருவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஒரே நிறுவனத்தில் ஊதியம் பெறுவோர் இருவர்க்கு மேல் அக்குழுவில் இருத்தல் ஆகாது. மூன்றில் இரு பங்கினர் நம்பிக்கை இழப்பின் குழுவையே நீக்கலாம். தன் ஆணையுரிமையை இயன்றவரை குறைவாகவே பயன்படுத்தி, ஒத்த கருத்தைத் தேடுதல் குழுவின் கடன். இவையெல்லாம் எழுத்தில் உள்ளன, எவரும் படிக்கலாம்.

முட்டி மோதிய பின்னரே கற்க வேண்டும் என்பதில்லை. 1993இல் தோன்றிய தெபியன் குழுவினர் 1998இலேயே தமக்கென ஆட்சிச் சட்டம் வகுத்துக்கொண்டனர். தலைவரை ஆண்டுதோறும் தேர்கின்றனர். தலைவர் முடிவையும் பொது ஒப்போலையால் மாற்றும் உரிமை உறுப்பினர்க்கு உண்டு.

சட்டம் மட்டும் இருந்து நாவடக்கம் இல்லையாயினும் பயனில்லை. இலினக்சு கருநிரலின் தலைவர் இலைனசு தொர்வால்டுசு, தம் மடல்களின் கடுஞ்சொல்லுக்காக 2018 செப்தம்பரில் வெளிப்படையாக வருத்தம் தெரிவித்துச் சின்னாள் விலகியிருந்தார். அதே வேளையில் அக்குழுவில் நடத்தை நெறியும் ஏற்கப்பட்டது. சுடுசொல்லுக்கு அஞ்சி வாய்மூடிச் செல்பவனின் நல்ல கருத்தும் அவனோடு போய்விடுகிறது. அவ்விழப்பு எக்கணக்கிலும் ஏறுவதில்லை.

"பிடிக்காவிடின் நிரலைப் படியெடுத்துக்கொண்டு பிரிந்து போகலாமே, தனியாட்சியால் என்ன கேடு?" என்பார் உளர். பிரியும் உரிமை பெரிதுதான். தலைவனை அடக்கி வைக்கும் கடிவாளமும் அதுவே. ஆயினும், வீட்டை விட்டு வெளியேறும் உரிமை, வீட்டுக்குள் பேசும் உரிமைக்கு ஈடாகாது. பிரிவு ஒவ்வொன்றும் உழைப்பை இரண்டாக்கும். பயன்படுத்துவோரைத் திகைக்க வைக்கும். கடைசி மருந்தை நாள்தோறும் உண்ணும் உணவாகக் கொள்வாருண்டோ?

எனவே, திறந்த நிரலாளர் செய்யத்தக்கன இவை: முடிவுகளைக் கரணியத்தோடு எழுதி வைக்க, புதியவர்க்கும் எட்டும் இடத்தில் வைக்க, முடிவு செய்வார் யார், எத்துணைக் காலத்திற்கு, அவரை மாற்றும் வழி யாது என்பவற்றை அமைதி நிலவும் நாளிலேயே வரைக, கருத்தை மறுக்க, ஆளை இகழற்க. நல்ல தலைவர் வாய்த்திருக்கும் காலமே நல்ல சட்டம் எழுதும் காலம். அவர் களைத்து எழுந்து போன பின் எழுதத் தொடங்குவது, வெள்ளம் வந்தபின் கரை கட்டுவதாகும்.

நிரலைத் திறந்தவர்கள் உலகிற்குப் பெருங்கொடை அளித்தவர்கள். அக்கொடை நிலைத்து நிற்க, அவர்தம் அவையின் கதவும் திறந்திருத்தல் வேண்டும்.