நாலு பேர் சேர்ந்தால் ஒரு கச்சேரி

நவராத்திரி ஒன்பது நாளும் நம் வீடுகளில் பாட்டுக்குக் குறைவே இருப்பதில்லை. கொலு பார்க்க வந்தவர்களை உட்கார வைத்து, "ஒரு பாட்டுப் பாடுங்களேன்" என்று கெஞ்சிப் பாடச் சொல்லி, சுண்டல் பொட்டலம் கொடுத்து அனுப்புகிறோம். விஜயதசமி முடிந்ததும் பொம்மைகளோடு பாட்டும் பெட்டிக்குள் போய்விடுகிறது. மீதி 356 நாளைக்கு நாம் பாட்டுக்கு வாய் திறப்பதில்லை.

பள்ளிக்கூட வயதில் கீதம், வர்ணம் வரை கற்றுக்கொண்டவர்கள் நம்மில் எத்தனையோ பேர். பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் ஒரு கீர்த்தனை பாடியதோடு பலருக்கு அது முடிந்தது. எங்கள் கொண்டப்பநாயக்கன்பட்டியில் விசாரித்துப் பார்த்ததில், மூன்று தெருவுக்குள்ளேயே இரண்டு வீணை, ஒரு வயலின், ஒரு சுருதிப் பெட்டி அகப்பட்டன. எல்லாமே பரண் மேலே! அவற்றை இறக்கித் தூசி தட்டி, இரண்டு வருஷமாக மாதத்தில் இரண்டு வெள்ளிக்கிழமை நாங்கள் ஆறு பேர் கூடிப் பாடுகிறோம், வாசிக்கிறோம். மேடை கிடையாது, மைக் கிடையாது, டிக்கெட் கிடையாது. யார் வேண்டுமானாலும் எந்த ஊரிலும் செய்யக் கூடியது என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

வெள்ளைக்காரர்களின் அறைச் சங்கீதம்

மேல்நாட்டில் இதற்கு 'சேம்பர் மியூசிக்' என்று பெயர். சேம்பர் என்றால் அறை. பெரிய வாத்திய கோஷ்டி இல்லாமல், நாலைந்து பேர் ஓர் அறைக்குள் உட்கார்ந்து வாசிப்பது. இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ என்று நாலு வாத்தியத்துக்காக ஹைடனும் மொஸார்ட்டும் நிறைய எழுதியிருக்கிறார்கள். வாசிப்பவர்களின் சந்தோஷத்துக்காகவே வீடுகளில் வாசிக்கப்பட்ட சங்கீதம் அது.

1947-இல் அமெரிக்காவில் 'அமெச்சூர் சேம்பர் மியூசிக் பிளேயர்ஸ்' என்று ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். வேலை சுலபமானதுதான். பொழுதுபோக்காக வாசிப்பவர்களின் பெயர், ஊர், வாத்தியம் எல்லாவற்றையும் ஒரு புத்தகமாகப் போட்டார்கள். தான் எவ்வளவு நன்றாக வாசிப்போம் என்று ஒவ்வொருவரும் தமக்குத் தாமே மார்க் போட்டுக்கொள்ள வேண்டும். வெளியூர் போனால் அந்தப் புத்தகத்தைப் பார்த்து, அங்கே இருப்பவரைக் கூப்பிட்டு, சேர்ந்து வாசிக்கலாம். முன்பின் தெரியாதவர் வீட்டுக்குப் போய் ஒரு சாயங்காலம் வாசித்துவிட்டு வருவது எவ்வளவு அழகான ஏற்பாடு!

தனம்மாளின் வெள்ளிக்கிழமை

இதெல்லாம் வெள்ளைக்காரர்கள் சமாசாரம் என்று ஒதுக்க வேண்டாம். சென்னை ஜார்ஜ் டவுனில் வீணை தனம்மாள் (1867–1938) தம் வீட்டில் வெள்ளிக்கிழமை சாயங்காலம்தோறும் வீணை வாசித்தார். பெரிய பெரிய வித்வான்களே வந்து வாய் திறக்காமல் உட்கார்ந்து கேட்பார்களாம். சின்னச் சத்தம்கூட அவருக்கு ஆகாது. கூடவே மெல்லிய குரலில் பாடவும் செய்வார். அந்த வீட்டு இசையில் ஊறி வந்தவர்கள்தான் பேத்திகள் பிருந்தாவும் முக்தாவும் பாலசரஸ்வதியும்.

அந்த வீட்டில் பாடிய ஜாவளிகளில் தர்மபுரி சுப்பராயருடையவையும் உண்டு. தர்மபுரி 1965 வரை நம் சேலம் ஜில்லாவில் இருந்த ஊர்தானே! நாம் கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொள்ளலாம்.

தனம்மாள் மகா வித்வாம்சினி. நாம் அவர் கால் தூசு பெற மாட்டோம். ஆனால் அந்த அளவு நமக்கும் ஏற்ற அளவு. ஒரு சின்ன அறை, பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்டால் போதும் என்கிற குரல். மைக் வந்த பிறகு பாட்டு என்றாலே ஊருக்குக் கேட்க வேண்டும் என்று ஆகிவிட்டது. அதற்குப் பயந்தே பாதிப் பேர் பாடுவதை விட்டுவிட்டார்கள்.

எப்படித் தொடங்குவது?

முதலில் ஆட்கள். நாலு பேர் போதும். ஆறுக்கு மேல் போனால் ஒருவர் பாடுவது மற்றவருக்குக் கேட்காது, பேச்சுதான் அதிகமாகும்.

அடுத்தது வாத்தியம். பரணிலிருந்து இறக்கிய வீணையை உடனே மீட்டிப் பார்த்து ஏமாற வேண்டாம். வீணையின் 24 மெட்டுகளும் மெழுகின் மேல்தான் பதிந்திருக்கின்றன. நம் சேலத்து வெயிலில் பரண் சூட்டுக்கு மெழுகு இளகி மெட்டு நகர்ந்திருக்கும். தெரிந்தவரிடம் கொடுத்து மேளம் கட்டிக்கொண்ட பிறகுதான் ஸ்வரம் சுத்தமாகப் பேசும். பிறகு துணி போர்த்திக் கீழ் அறையிலேயே வையுங்கள்.

மூன்றாவது சுருதி. சண்டை வருவது இங்கேதான். நம் குரலுக்கு ஐந்து கட்டை என்று சின்ன வயதில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். வீணையோ பெரும்பாலும் மூன்று கட்டையில் நிற்கும். அதை ஐந்துக்கு முறுக்கினால் தந்தி அறுந்துபோகும். நாற்பது வயதுக்கு மேல் நமக்கும் குரல் கொஞ்சம் இறங்கியிருக்கும், ஆகையால் வீணை இருக்கும் நாளில் நாமே இறங்கிப் பாடுவது நல்லது. வயலினை எந்தச் சுருதிக்கும் சேர்க்கலாம். புல்லாங்குழல் வந்தால் மட்டும் அது வைத்ததுதான் சட்டம், அதை ஏற்றவோ இறக்கவோ முடியாது. சுருதிப் பெட்டி இல்லாதவர்கள் செல்போனில் தம்புரா போட்டுக்கொள்ளலாம்.

நாலாவது, என்ன பாடுவது? புரந்தரதாசர் வகுத்தது என்று சொல்லும் ஸரளி வரிசையிலிருந்தே ஆரம்பியுங்கள். மாயாமாளவகௌளை எல்லோருக்கும் பொது. முதல் காலத்தில் ஒருவர், இரண்டாம் காலத்தில் ஒருவர் என்று ஒரே வரிசையைச் சேர்ந்து பாடிப் பாருங்கள். குழந்தைப் பாடம் என்று நினைத்தது எவ்வளவு ருசி என்று தெரியும். அப்புறம் முத்துஸ்வாமி தீக்ஷிதரின் நோட்டு ஸ்வரங்கள். சின்ன வயதில் சென்னையை அடுத்த மணலியில் இருந்தபோது இங்கிலீஷ் பாண்டு வாசிக்கக் கேட்டு, அந்த மெட்டுகளுக்கு ஸம்ஸ்கிருதத்தில் சாகித்தியம் செய்தார். ஏறக்குறைய நாற்பது இருக்கின்றன. சங்கராபரண ஸ்வரங்கள்தான், கமகச் சிக்கல் கிடையாது. வீணை, வயலின், குரல் மூன்றும் ஒட்டிப் போக இதைவிடச் சுலபமானது இல்லை.

கர்நாடக சங்கீதம் தெரியாதவர்களை விட்டுவிட வேண்டாம். எங்களில் ஒருவருக்கு ஸ்வரமே தெரியாது. ஆனால் கும்மிப் பாட்டும் தாலாட்டும் அவர் பாடினால் தாளம் அசையாது. "நானெல்லாம் உங்க கூட உக்காந்து பாட முடியுங்களா அக்கா?" என்று கேட்டவர், இன்றைக்கு எங்கள் எல்லோருக்கும் தாளம் போடுகிறார்.

ஐந்தாவது, மூன்று கட்டுப்பாடு. பக்கத்துக் குரலைவிடச் சத்தமாகப் பாடக் கூடாது. செல்போனில் பிடித்து ஊருக்கெல்லாம் அனுப்பக் கூடாது. காபி மட்டும்தான், டிபன் கிடையாது. டிபன் ஆரம்பித்தால் அடுத்த வீட்டில் இரண்டு டிபன் ஆகும். பிறகு பாட்டு போய்ச் சமையல் போட்டியாகிவிடும்.

யார் பாடலாம்?

இதையும் சொல்லியாக வேண்டும். எங்கள் தெருவில் ஐம்பது வயதுப் பெண்மணி ஒருவர், நல்ல குரல். வீட்டுக்காரர் காலமானதிலிருந்து நாலு வருஷம் வாசல் தாண்டவில்லை. அவரைக் கூப்பிடலாம் என்றதும், "வெள்ளிக்கிழமையும் அதுவுமா..." என்று ஒருவர் இழுத்தார். இரண்டு பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள். எங்களில் மூத்தவர், எழுபது வயது, "பாட்டுக்குத் தாலி உண்டாம்மா? அவ வரலேன்னா நானும் வரலே" என்று சொல்லிவிட்டார். அடுத்த வெள்ளிக்கிழமை அந்த அம்மாள் வந்தார். முதல் நாள் பாடவில்லை, சுருதிப் பெட்டியை மட்டும் மடியில் வைத்துப் போட்டுக்கொண்டிருந்தார். மூன்றாவது தடவைதான் வாய் திறந்தார். இழுத்தவரே இப்போது அவரிடம் பாடம் கேட்டுக்கொள்கிறார்.

பெண்கள் பாடுவதற்கு இடம் யாரும் தானாகக் கொடுத்ததில்லை. திருவையாற்றில் தியாகராஜ ஸ்வாமிகளின் சமாதிக்குத் தம் சொத்தைப் போட்டுக் கோயில் கட்டினார் பெங்களூர் நாகரத்தினம்மாள். அங்கே ஆராதனையில் பெண்கள் பாடக் கூடாது என்று தடுத்தார்கள். அவர் 1927-இல் பெண்களுக்கென்று தனி கோஷ்டியே ஆரம்பித்துவிட்டார். பிற்பாடு எல்லாம் ஒன்றாயின. இன்று ஆணும் பெண்ணுமாக உட்கார்ந்து பஞ்சரத்தினம் பாடுகிறார்களே, அதற்குப் பின்னால் அந்த அம்மாளின் பிடிவாதம் இருக்கிறது.

உடம்புக்கும் நல்லது

நீட்டிப் பாடும்போது மூச்சை ஆழமாக இழுத்து மெதுவாக விடுகிறோம். ஸ்வீடனில் கோத்தன்பர்க் பல்கலைக்கழகத்தார் 2013-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், சேர்ந்து பாடுகிறவர்களின் இருதயத் துடிப்பு ஒன்றாகவே ஏறி இறங்குவதைக் கண்டார்கள். எல்லோரும் ஒரே இடத்தில் மூச்சு விடுவதுதான் காரணமாம்.

முழங்கால் வலி உள்ளவர்கள் நாற்காலியில் உட்கார்ந்தே பாடலாம், சம்பிரதாயம் ஒன்றும் கெட்டுவிடாது. வெதுவெதுப்பான தண்ணீர் பக்கத்தில் இருக்கட்டும். ஜலதோஷம் பிடித்த நாளில் தாளம் மட்டும் போடுங்கள். குரல் கம்மல் மூன்று வாரத்துக்கு மேல் இருந்தால் கஷாயத்தோடு நிற்காமல் டாக்டரிடம் தொண்டையைக் காட்டிவிடுங்கள்.

"எல்லாம் மறந்து போச்சு" என்பதுதான் நான் அடிக்கடி கேட்கும் பதில். உண்மையில் மறப்பதில்லை. ஸரளி வரிசை முதல் வரியை ஒருவர் எடுத்துக் கொடுத்தால் அடுத்த வரி தானாக வரும். எடுத்துக் கொடுக்கத்தான் பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும். அடுத்த தெருவில் யார் வீட்டில் வீணை இருக்கிறது என்று இந்த வாரமே விசாரித்து வையுங்கள், சகோதரிகளே.