யாரும் தேர்ந்தெடுக்காத உலாவி

சிரம்பான் லோபாக்கில் புதுக் கைப்பேசி வாங்கப் போகிறவர் கடைக்காரரைத் துளைத்தெடுப்பார். பேட்டரி எத்தனை நாள் தாங்கும், படம் தெளிவாக விழுமா, மாதத் தவணை உண்டா என்று கேள்வி நீளும். இணையத்துக்குள் எந்த உலாவி வழியாகப் போவது என்று மட்டும் கேட்கமாட்டார். குரோமின் வண்ண வட்டம் ஏற்கெனவே திரையில் உட்கார்ந்திருக்கும். வேறொன்றைப் போட்டுப் பாருங்களேன் என்று யாராவது சொன்னால் வருகிற பதில் இதுதான்: "எல்லாரும் இதத்தானே வெச்சிருக்காங்க? நல்லா இல்லாமலா?"

இந்த நம்பிக்கை தவறு. அதனால் வரும் நட்டமும் சின்னதல்ல.

நெகிரி செம்பிலான் தோட்டங்களை விட்டு நகரத்துக்கு வந்த குடும்பங்களின் பெரியவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. தோட்டத்துக்குள் ஒரே மளிகைக் கடை இருக்கும். லயத்து வீடுகள் அத்தனையும் அரிசியும் பருப்பும் கருவாடும் அங்கேதான் வாங்கும், பற்றில் எழுதிவைத்துச் சம்பள நாளில் அடைக்கும். நூறு வீட்டில் நூறும் அந்தக் கடைக்குப் போனதால் கடை நல்ல கடை என்று யாரும் சொன்னதில்லை. அடுத்த கடை எட்டாத தூரத்தில் இருந்தது, அவ்வளவுதான்.

உலக அளவில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இணைய உலாவல் குரோம் வழியாக நடக்கிறது. 2008 செப்டம்பரில் அது வெளிவந்தபோது வேகத்தில் மற்றவற்றை மிஞ்சியது உண்மை. அந்த வெற்றியில் பாதியாவது உழைத்துப் பெற்றதுதான். மறுபாதியின் கதை நீதிமன்ற ஏடுகளில் இருக்கிறது. பிளே ஸ்டோர் வேண்டுமென்றால் கூகுள் தேடலையும் குரோமையும் சேர்த்தே பதித்து விற்கவேண்டும் என்று கைப்பேசித் தயாரிப்பாளர்களைக் கட்டாயப்படுத்தியதற்காக 2018இல் ஐரோப்பிய ஆணையம் 434 கோடி யூரோ அபராதம் விதித்தது. 2022இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது நீதிமன்றம் தொகையை 412.5 கோடியாகக் குறைத்தது, தீர்ப்பின் பெரும்பகுதியை அப்படியே ஏற்றது. அதே 2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம் ஆண்ட்ராய்டு ஆதிக்கத்தைத் தவறாகப் பயன்படுத்தியதற்காக 1,337.76 கோடி ரூபாய் அபராதம் போட்டது. மேல்முறையீட்டிலும் அந்தத் தொகை நின்றது. அமெரிக்காவில் நீதிபதி அமித் மேத்தா 2024 ஆகஸ்டில் கூகுளைத் தேடல் சந்தையின் ஏகபோக நிறுவனம் என்று தீர்ப்பளித்தார். மற்றவர்களின் உலாவிகளிலும் கைப்பேசிகளிலும் தன் தேடல் முதலில் இருப்பதற்காக அந்நிறுவனம் 2021ஆம் ஆண்டில் மட்டும் 2,630 கோடி டாலர் கொடுத்தது அந்த வழக்கில் வெளியே வந்தது. மக்கள் தாமாகவே தேடி வருவார்கள் என்ற உறுதி இருந்திருந்தால் இவ்வளவு பணத்தை யாரும் இறைத்திருக்கமாட்டார்கள்.

மலேசியாவில் இந்தக் கதைக்கு இன்னொரு வாசல் உண்டு. அது பள்ளிக்கூடம். 2013 ஏப்ரலில், மாணவர், ஆசிரியர், பெற்றோர் என ஒரு கோடிப் பேருக்குக் கூகுள் ஆப்ஸ் கணக்கு, தொடக்க, இடைநிலைப் பள்ளிகளுக்குக் குரோம்புக் கணினிகள் என்ற அறிவிப்பு வந்தது. வைடிஎல் நிறுவனம் நடத்திய 1பெஸ்தாரிநெட் பள்ளி இணையத் திட்டத்தின் வழியே அது பள்ளிகளுக்குப் போனது. அன்றைய குரோம்புக்கைத் திறந்தால் குரோம் தவிர வேறு உலாவி கிடையாது. 2019இல் அந்தத் திட்டம் முடிந்ததும் ஃபிராக் கற்றல் தளம் இருந்த இடத்தில் கூகுள் வகுப்பறை வந்து அமர்ந்தது. மறு ஆண்டு டெலிமா என்ற கற்றல் தளம் வந்தது, பெருந்தொற்றும் வந்தது. தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளும் வீட்டிலிருந்தபடி கூகுள் கணக்கில் நுழைந்து பாடம் படித்தார்கள். அந்த நெருக்கடியில் அது பெரிய உதவிதான். அதை மறுப்பது நன்றிகெட்ட பேச்சு. ஆனால் ஏழு வயதில் 'இணையம்' என்ற சொல்லுக்குப் பதில் 'குரோம்' என்ற சொல்லைக் கற்றுக்கொண்ட பிள்ளை வளர்ந்த பின் எதைத் தேர்ந்தெடுக்கும்? தேர்வு என்று ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது.

சரி, பெரும்பான்மை தேர்ந்தெடுக்கவில்லை என்றே இருக்கட்டும், அதனால் என்ன கெட்டுப்போயிற்று என்று கேட்கலாம். கெட்டது விளம்பரத் தடுப்பில் தெரிகிறது.

கூகுளின் தாய் நிறுவனமான ஆல்பபெட்டின் 2024 வருமானம் ஏறத்தாழ 35,000 கோடி டாலர். அதில் 26,450 கோடிக்கு மேல் விளம்பரத்திலிருந்து வந்தது. விளம்பரம் விற்றுப் பிழைக்கும் நிறுவனத்தின் கையில்தான், விளம்பரத்தை எந்த அளவுக்குத் தடுக்கலாம் என்று முடிவுசெய்யும் உலாவியும் இருக்கிறது. ரேமண்ட் ஹில் என்பவர் இலவசமாக எழுதித் தந்த யூபிளாக் ஆரிஜின் என்ற விளம்பரத் தடுப்புத் துணைநிரலைக் குரோமில் மட்டும் 3 கோடிக்கும் மேற்பட்டோர் வைத்திருந்தார்கள். மேனிஃபெஸ்ட் வி3 என்ற புதிய விதியைக் காட்டி, 2024 பிற்பகுதியில் தொடங்கி 2025க்குள் குரோம் அதைச் செயலிழக்கவைத்தது.

விதி மாறியதால் என்ன மாறியது என்பதை வாசல் காக்கும் ஜாகாவை வைத்துச் சொல்லலாம். முன்பு வீட்டுக்காரர் தமக்கு நம்பிக்கையான ஒருவரை வாசலில் நிறுத்தியிருந்தார். வருகிற ஒவ்வொருவரையும் அவரே பார்த்து, உள்ளே விடலாமா கூடாதா என்று அந்த நொடியில் முடிவெடுப்பார். இப்போது அந்த ஜாகா வாசலில் நிற்கக்கூடாது. யாரை விடக்கூடாது என்று ஒரு பட்டியல் எழுதிக் கட்டட முதலாளியின் ஆளிடம் கொடுத்துவிட்டுப் போகலாம். பட்டியல் எவ்வளவு நீளலாம் என்பதற்கும் முதலாளி அளவு வைத்திருக்கிறார். முதலாளியின் தொழிலோ வீடு வீடாக ஆள் அனுப்பிச் சரக்கு விற்பது.

பாதுகாப்புக்காகத்தான் இந்த மாற்றம் என்பது கூகுளின் விளக்கம். அதை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. திறந்த பக்கங்கள் அனைத்தையும் படிக்கும் உரிமை பெற்ற கெட்ட துணைநிரல்கள் கடவுச்சொல்லைத் திருடியதும் நடந்திருக்கிறது. ஆனால் ஃபயர்ஃபாக்ஸ் புதிய விதியையும் ஏற்று, பழைய தடுப்பு முறையையும் விட்டுவைத்திருக்கிறது. இரண்டையும் சேர்த்து வைக்க முடியும் என்று காட்ட இது போதும்.

பாதுகாப்பு என்றே பேசுவதானால் விளம்பரத்தின் மறுபக்கத்தையும் பார்க்கவேண்டும். 2022 ஏப்ரலில் ஈசெட் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் மலேசியாவைக் குறிவைத்த ஒரு மோசடியை விவரித்தார்கள். வீடு துப்புரவு செய்ய ஆள் அனுப்புகிறோம் என்று முகநூலில் விளம்பரம் வரும். அழுத்தினால் போலித் தளம். அங்கிருந்து ஒரு செயலியை இறக்கிக்கொள்ளச் சொல்லும். இறக்கியவரின் வங்கிக் கடவுச்சொல்லும் குறுஞ்செய்தியில் வரும் ஒருமுறை எண்ணும் திருடர் கைக்குப் போகும். எட்டு மலேசிய வங்கிகளின் வாடிக்கையாளர்களுக்கு விரிக்கப்பட்ட வலை அது. அதே ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவின் எஃப்பிஐ, தேடல் முடிவுகளின் உச்சியில் விளம்பரமாக வரும் போலித் தளங்களைப் பற்றிப் பொதுமக்களை எச்சரித்தது. இணையத்தில் தேடும்போது விளம்பரத் தடுப்பானைப் போட்டுக்கொள்ளுங்கள் என்றும் அதே அறிவிப்பில் சொன்னது. விளம்பரத்தைத் தடுப்பது கண்ணுக்கு இதம் தரும் சொகுசு என்று நினைப்பவர்கள் இந்த இரண்டு செய்திகளையும் சேர்த்து வாசிக்கவேண்டும்.

ஒரே உலாவி ஆண்ட காலம் தமிழருக்குப் புதிதல்ல. இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்ட கணினிகளில் இருந்தது. அதன் ஆறாம் பதிப்பு 2001இல் வந்தது, ஏழாம் பதிப்புக்கு 2006 வரை காத்திருக்கவேண்டியிருந்தது. எதிராளி இல்லாத நிறுவனத்துக்கு அவசரம் என்ன? யூனிகோடு பரவாத அந்நாளில் தமிழ் நாளேடுகள் ஆளுக்கொரு எழுத்துருக் குறியாக்கம் வைத்திருந்தன. பல தளங்கள் அந்த ஓர் உலாவியில் மட்டும் வேலை செய்யும் இயங்கு எழுத்துருவை நம்பியிருந்தன. வேறு உலாவியில் திறந்தவருக்குத் தலையங்கமும் தெரியாது, மரண அறிவிப்பும் தெரியாது. ஆங்கிலக் குறிகள் சிதறிக் கிடக்கும். அந்த இருட்டில் ஃபயர்ஃபாக்ஸ் வாசகருக்குக் கைகொடுத்தது ஒரு துணைநிரல். பத்மா என்று பெயர். எழுத்துருவுக்கு எழுத்துரு மாறிக் கிடந்த இந்திய மொழிப் பக்கங்களை அது அந்தக் கணமே யூனிகோடாக மாற்றிக் காட்டியது. வாசகரின் பக்கம் நின்று பக்கத்தைத் திருத்தத் துணைநிரலுக்கு இருந்த உரிமை எவ்வளவு அருமையானது என்பதற்குத் தமிழில் இதைவிட நல்ல சாட்சி இல்லை. அந்த உரிமையைத்தான் இன்று குரோம் சுருக்கியிருக்கிறது.

இங்கே இன்னொரு குரல் எழும்: "நம்ம மதுரையில் பொறந்தவரு முன்னால நின்னு செஞ்சது." சுந்தர் பிச்சை குரோமை வளர்த்தெடுத்தவர் என்பதில் பெருமைப்படலாம். ஆனால் பெருமையும் தேர்வும் வேறு வேறு. அப்படியே ஊர்ப்பாசம்தான் அளவுகோல் என்றால், சோஹோ நிறுவனம் 2023இல் வெளியிட்ட 'உலா' என்ற உலாவிக்குத் தமிழ்ப் பெயரே இருக்கிறது. உள்ளேயே விளம்பரத் தடுப்பும் இருக்கிறது. இந்திய அரசு நடத்திய உள்நாட்டு உலாவிப் போட்டியில் 2025 மார்ச்சில் அது முதல் பரிசாக ஒரு கோடி ரூபாய் பெற்றது. மெச்சத்தக்க முயற்சி. ஆனாலும் உலாவும் எட்ஜும் ஓபராவும் பிரேவும் எல்லாமே கூகுள் முன்னின்று வளர்க்கும் குரோமியம் அடித்தளத்தின்மேல் கட்டப்பட்டவை. தனி அடித்தளம் என்று சொல்ல ஆப்பிளின் வெப்கிட்டும் ஃபயர்ஃபாக்ஸின் கெக்கோவும்தான் மிஞ்சியிருக்கின்றன. அந்த ஃபயர்ஃபாக்ஸை நடத்தும் மொசில்லாவின் வருமானத்தில் பெரும்பகுதி கூகுள் தரும் தேடல் கட்டணம் என்பதையும் மறைக்கக்கூடாது.

எதிர்வாதங்களில் கனமானது ஒன்று இருக்கிறது. விளம்பரத்தை எல்லாரும் தடுத்தால் தமிழ் ஏடுகள் எப்படிப் பிழைக்கும்? 1924இல் தொடங்கிய 'தமிழ் நேசன்' 2019இல் நின்றதைப் பார்த்த மலேசியத் தமிழர்களுக்கு இந்தக் கேள்வி வலிக்கும். வலிக்கத்தான் வேண்டும். ஆனால் ஏடுகளின் விளம்பரக் காசு வாசகரின் தடுப்பானால் மட்டும் குறையவில்லை. 2025 ஏப்ரலில் வர்ஜீனியாவில் நீதிபதி லியோனி பிரிங்கெமா, தளங்கள் விளம்பர இடத்தை விற்கும் கருவியிலும் அந்த விற்பனை நடக்கும் சந்தையிலும் கூகுள் சட்டத்துக்குப் புறம்பாக ஏகபோகம் வைத்திருந்தது என்று தீர்ப்பளித்தார். விற்பவரும் தரகரும் சந்தையும் ஒரே கையில் இருந்தால் ஏட்டுக்கு வந்து சேருவது மிச்சம்தான். வாசகர் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. நல்ல தடுப்பானில் ஒவ்வொரு தளத்துக்கும் தனித்தனியாக அனுமதி தரலாம். தாம் மதிக்கும் தமிழ் ஏட்டுக்கு வாசலைத் திறந்துவிடுவது இரண்டு சொடுக்கு வேலை.

மலேசியாவில் போட்டிச் சட்டம் 2012 ஜனவரியிலிருந்து நடப்பில் இருக்கிறது. சந்தையில் 60 விழுக்காட்டைத் தாண்டிய பங்கு ஆதிக்கத்தின் அறிகுறி என்று போட்டி ஆணையத்தின் வழிகாட்டியே சொல்கிறது. ஆதிக்கம் குற்றமல்ல, அதைத் தவறாகப் பயன்படுத்துவதுதான் குற்றம். ஆனாலும் கேட்கவேண்டிய கேள்வியைக் கேட்க இந்நாட்டில் சட்டம் இருக்கிறது. அமெரிக்காவில் 2025 செப்டம்பரில் நீதிபதி மேத்தா, கூகுள் குரோமை விற்கவேண்டியதில்லை என்று முடிவுசெய்துவிட்டார். அங்கிருந்து விடுதலை வரும் என்று காத்திருப்பதில் பயனில்லை.

லோபாக்கில் பெரும்பாலான வீடுகளுக்கு இணையம் என்பது ஆண்ட்ராய்டு கைப்பேசி. கைப்பேசிக் குரோமில் துணைநிரலுக்கு இன்றுவரை இடமே கிடையாது. ஆண்ட்ராய்டு ஃபயர்ஃபாக்ஸில் யூபிளாக் ஆரிஜின் முழு பலத்தோடு ஓடுகிறது. இரண்டையும் பதிக்க ஐந்து நிமிடம் ஆகும், ஒரு காசும் ஆகாது. பிறகு அமைப்புகளுக்குள் போய் இயல்புநிலை உலாவியை மாற்றவேண்டும். கூகுள் வகுப்பறை அதிலும் திறக்கும், வங்கித் தளமும் திறக்கும். வீட்டில் யாருடைய கைப்பேசியில் முதலில் செய்வது என்றால், துப்புரவு ஆள் தேடி விளம்பரத்தை அழுத்தக்கூடிய அம்மாவின் கைப்பேசியில்.